அளப்பது ஆளையா, வேலையையா?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஹென்றி ஃபோர்டு 1922இல் வெளியிட்ட 'மை லைஃப் அண்ட் வொர்க்' நூலில் ஒரு கணக்கு வருகிறது. தம் தொழிற்சாலையில் எத்தனை வகை வேலைகள் நடக்கின்றன என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார். 7,882 வகைகள் தேறின. அவற்றில் 949 வேலைகளுக்குத்தான் திடகாத்திரமான ஆள் வேண்டும். 3,338 வேலைகளைச் சராசரி உடல்வாகு உள்ளவர் செய்துவிடலாம். மீதி 3,595 வேலைகளுக்கு உடல் வலு பெரிதாகத் தேவைப்படவில்லை. பிறகு இன்னொரு சலிப்பு. இரு கால்களும் இல்லாதவர் செய்யக்கூடியவை 670. ஒரு கால் இல்லாதவர் செய்யக்கூடியவை 2,637. ஒரு கை இல்லாதவர் செய்யக்கூடியவை 715. பார்வையற்றவர் செய்யக்கூடியவை 10. இரு கைகளும் இல்லாதவர் செய்யக்கூடியவை 2. ஆக மொத்தம் 4,034 வேலைகளுக்கு முழு உடல்திறன் அவசியமில்லை என்று தெரியவந்தது.

அதே ஃபோர்டு 1914இல் வேறொரு காரியமும் செய்தார். நாளுக்கு 5 டாலர் ஊதியம் என்று அறிவித்த கையோடு 'சமூகவியல் துறை' ஒன்றை அமைத்துத் தொழிலாளர்களின் வீடுகளுக்கு ஆள் அனுப்பினார். குடிக்கிறாரா, சேமிக்கிறாரா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாரா என்று வந்தவர்கள் குறிப்பெடுத்தார்கள். அதில் தேறியவருக்கே முழு 5 டாலர்.

ஒரே கம்பெனி, இரண்டு அளவைகள். ஒன்று வேலையை அளந்தது. மற்றொன்று ஆளை அளந்தது. செயற்கை நுண்ணறிவு, அதாவது எல்லோர் வாயிலும் புழங்கும் ஏஐ, சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டைக்குள் நுழையும்போது அதன் முன்னாலும் இந்த இரு பாதைகளே கிடக்கின்றன. மாற்றுத்திறனாளிக்கு அது கதவைத் திறக்குமா அடைக்குமா என்பது எந்தப் பாதையில் அதை நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

லைன் என்னும் உலகம்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ 1998இல் வெளியே வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006இல் வந்து, 2014இல் உற்பத்தியை நிறுத்தியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான், 2012இல் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டெய்ம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்து இறங்கின. சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான். இவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சிறு, நடுத்தரக் கம்பெனிகள் பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் வரை பரவிக் கிடக்கின்றன.

இந்தக் கம்பெனிகள் பலவற்றில் வேலை என்றால் லைன். ஒரு காரையோ செல்போனையோ செய்து முடிக்கும் பெரிய வேலையைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒரு துண்டை ஒரு ஸ்டேஷனுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். குனிவது, திரும்புவது, எட்டுவது எல்லாம் நொடிக் கணக்கில் எழுதி வைத்தவை. குறை கண்டால் அதையும் திருத்துவார்கள்: ரேக்கை அரை அடி முன்னால் இழுப்பார்கள், பாகத்தைப் பிடித்துவைக்கும் ஜிக்கின் கோணத்தை மாற்றுவார்கள், கனமான கருவியை மேலிருந்து ஸ்பிரிங்கில் தொங்கவிடுவார்கள். வேலையை மனிதருக்கு ஏற்ப வளைக்கும் இந்தக் கலை தொழிற்பட்டையின் பொறியாளர்களுக்கு அன்றாடப் பழக்கம். மாற்றுத்திறனாளி ஒருவர் வேலை கேட்டு வரும்போது மட்டும் அது மறந்துபோகிறது. 'இந்த ஸ்டேஷனுக்கு இவர் சரிப்பட மாட்டார்' என்று ஸ்டேஷனைக் கல்லில் செதுக்கியதுபோலப் பேசுகிறார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். இந்தியா முழுவதும் 2.68 கோடி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளை 21 வகையாக விரித்து, அரசுப் பணியில் 4 சதவீத இடஒதுக்கீடு தந்தது. தனியார் துறைக்கு ஒதுக்கீடு கிடையாது. ஊழியர்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளாக இருப்பதற்கு, பொருளாதார வசதிக்கு உட்பட்டு அரசு ஊக்கத்தொகை தர வேண்டும் என்பதோடு சட்டம் நின்றுகொண்டது. ஆனால் 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வைக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்த பணிகள் எவை, அவர்களுக்கு என்ன கருவிகள், என்ன வசதிகள், தொடர்பு அலுவலர் யார் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும் என்று 2017 விதிகள் சொல்கின்றன. சட்டம் கேட்கும் அந்த 'உகந்த பணிகள்' பட்டியலும் ஃபோர்டு எடுத்த கணக்கும் ஒரே வகைதான்.

காட்பாடி, பெப்பு, டிங்கோல்ஃபிங்

வேலையை ஆளுக்கு ஏற்ப வளைப்பதற்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் அதே பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் போனால் வேலூர். அங்கே சிஎம்சி மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். அதன் பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. பக்கத்தில் காட்பாடியில், சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் உதவியோடு 1960களில் தொடங்கிய பணிமனை இன்று வொர்த் டிரஸ்ட். தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்காக ஆரம்பித்த அந்த இடத்தில் மாற்றுத்திறனாளித் தொழிலாளர்கள் வாகன பாகங்கள் செய்கிறார்கள்; பார்வையற்றோர் எழுதும் பெர்கின்ஸ் பிரெயிலர் இயந்திரமும் அங்கே தயாராகிறது.

ஜப்பானில் பெப்பு நகரத்து எலும்பியல் மருத்துவர் யுதகா நகமுரா 1965இல் 'தையோ நோ இயே' என்ற அமைப்பைத் தொடங்கினார். முந்தைய ஆண்டு டோக்கியோவில் நடந்த பாராலிம்பிக் போட்டிக்கு முன்னின்று உழைத்தவர் அவர். தருமம் வேண்டாம், வாய்ப்புக் கொடுங்கள் என்பதே அவர் வைத்த கோரிக்கை. 1972இல் ஓம்ரான் கம்பெனி அவரோடு சேர்ந்து 'ஓம்ரான் தையோ' என்ற தொழிற்சாலையை அமைத்தது. 1978இல் சோனியும் 1981இல் ஹோண்டாவும் அதே வழியில் வந்தன. ஓம்ரான் தையோவில் ஒவ்வொரு தொழிலாளியின் உடலமைப்புக்கும் தக்கபடி துணைக்கருவிகளை அங்கேயே வடிவமைத்துக்கொள்கிறார்கள். ஒரு கையால் செய்ய முடிகிற ஜிக், எண்ணித் தரும் தட்டு, உட்கார்ந்த நிலையிலேயே எட்டும் மேசை என்று அது போகிறது.

ஜெர்மனியில் பிஎம்டபிள்யூ, வயதேறும் தொழிலாளர்களை மனத்தில் வைத்து, 2007இல் டிங்கோல்ஃபிங் ஆலையின் ஒரு லைனை எடுத்துக்கொண்டு ஒரு சோதனை நடத்தியது. பத்தாண்டு கழித்துத் தொழிலாளரின் சராசரி வயது எவ்வளவு ஏறியிருக்குமோ அந்த வயதுக் கலவையில் 42 பேரை அந்த லைனில் நிறுத்தினார்கள். எங்கே வலிக்கிறது என்று அவர்களிடமே கேட்டு 70 சிறு மாற்றங்களைச் செய்தார்கள். கான்கிரீட் தரைக்கு மேல் மரத்தளம், உட்கார்ந்து செய்ய நாற்காலி, நுண்பாகங்களுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி, திரையில் பெரிய எழுத்து. பொருளுக்கும் பயிற்சி நேரத்துக்கும் சேர்த்து ஆன செலவு சுமார் 40,000 யூரோ. ஓராண்டில் உற்பத்தித்திறன் 7 சதவீதம் உயர்ந்தது. இளைஞர்களுக்கும் அந்த லைன் சௌகரியமாகவே இருந்தது.

கேட்காத காதுக்கு ஒரு திரை

இந்தியத் தொழிற்சாலைகள் மாற்றுத்திறனாளிகளை எடுக்க முன்வரும்போது பெரும்பாலும் காது கேளாத இளைஞர்களைத்தான் முதலில் நினைக்கின்றன. 'அவர்கள் அரட்டை அடிக்க மாட்டார்கள், கவனம் சிதறாது, வேலையை விட்டுப் போக மாட்டார்கள்' என்று எச்.ஆர். அறைகளில் பாராட்டாகவே சொல்வதுண்டு. அந்தப் பாராட்டு ஆபத்தானது. வந்த நாளில் நின்ற ஸ்டேஷனிலேயே ஒருவரை ஐந்தாறு ஆண்டுகள் நிறுத்திவைக்க அது வசதியாகிவிடுகிறது. டீம் லீடராக உயர வேண்டுமென்றால் ஷிப்ட் தொடங்கும்போது நடக்கும் கூட்டத்தில் பேச்சைப் பின்தொடர வேண்டும். நேற்றைய குறைகளையும் இன்றைய மாற்றங்களையும் பாதுகாப்பு எச்சரிக்கைகளையும் அங்கே வாயால்தான் சொல்கிறார்கள்.

ஏஐ நிஜமாகவே உதவக்கூடிய முதல் இடம் அந்தக் கூட்டம். பேச்சைக் கேட்கக் கேட்க எழுத்தாக்கும் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலியைக் கூகுள் 2019இல் வெளியிட்டது; காது கேளாதோருக்கான அமெரிக்காவின் கல்லாடெட் பல்கலைக்கழகம் அதில் பங்கெடுத்தது; தமிழும் அதில் உண்டு. ஆனால் தொழிற்சாலை என்பது ஆராய்ச்சிக்கூடம் அல்ல. 8 மணி நேர ஷிப்டுக்கு 90 டெசிபல் வரை சத்தத்தை இந்தியத் தொழிற்சாலை விதிகள் அனுமதிக்கின்றன. அந்த இரைச்சலில் மேசைமேல் வைத்த போன் எதையும் ஒழுங்காகக் கேட்காது. சூப்பர்வைசரின் சட்டைக் காலரில் மைக் இருக்க வேண்டும். எழுத்து லைனின் டிவி திரையில் வர வேண்டும்.

அடுத்தது மொழி. செய்தி வாசிக்கும் தமிழில் பயின்ற ஏஐ மாடல், 'டார்க் செக் பண்ணிட்டு ஃபிக்ஸ்சர்ல லாக் போடு' என்றால் தடுமாறும். இந்த இடைவெளியை அடைக்கும் வேலை பக்கத்திலேயே நடக்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2024இல் வெளியிட்ட இண்டிக்வாய்சஸ் தொகுப்பில் 22 மொழிகள், 145 மாவட்டங்கள், 16,237 பேரின் குரல், 7,348 மணி நேரம். அதில் 74 சதவீதம் எழுதிவைக்காமல் அப்போதே யோசித்துப் பேசிய பேச்சு. எழுதியதைப் படித்தது 9 சதவீதம்தான். பட்டறைத் தமிழுக்கு இந்த மாதிரித் தரவு வேண்டும். அதோடு ஒவ்வொரு ஆலையும் தன் கருவிகள், பாகங்களின் பெயர்களைச் சில நூறு சொற்களாகத் தொகுத்துக் கொடுத்தால் பிழைகள் குறையும். ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்து இதே லைனில் நிற்கும் தொழிலாளிக்கும் அந்தத் திரை தேவைப்படும். மொழிபெயர்ப்பைச் சேர்த்துவிட்டால் அவர் மொழியிலேயே வாசிப்பார்.

சைகை மொழியில் எச்சரிக்கை தேவை. ஏஐ4பாரத் 2020இல் வெளியிட்ட இன்க்ளூட் என்ற இந்தியச் சைகை மொழித் தரவுத்தொகுப்பில் 263 சொற்களுக்கு 4,287 வீடியோக்கள் இருந்தன. டெல்லியில் உள்ள இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2021இல் வெளியிட்ட அகராதியின் மூன்றாம் பதிப்பில் 10,000 சொற்கள். தனிச் சொல்லை அடையாளம் காண்பது வேறு. முகபாவமும் கையசைவும் ஒன்றாக ஓடும் உரையாடலை மொழிபெயர்ப்பது வேறு. கேமராவே மொழிபெயர்த்துவிடும் என்று சொல்லி ஒருவர் விற்க வந்தால், ஆலையில் வேலை செய்யும் காது கேளாத தொழிலாளரை எதிரே உட்காரவைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டே பணம் கொடுக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை விசாரணை, விபத்து விசாரணை, சம்பளப் பேச்சு ஆகியவற்றுக்கு மனித மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் தீராது.

அபாய எச்சரிக்கைக்குப் பல சமயம் ஏஐ வேண்டியதே இல்லை. லைனை நிறுத்தச் சொல்லும் அண்டான் விளக்கு ஏற்கெனவே கண்ணுக்குப் பேசுகிறது. தவறாகப் பொருத்தவே முடியாதபடி செய்யும் 'போகா-யோகே' முறையை ஷிகியோ ஷிங்கோ 1960களில் ஜப்பானில் பரப்பினார். அறிவுசார் குறைபாடு உள்ள தொழிலாளிக்கும் அது பெரிய துணை. சிவப்பு, பச்சை பிரித்தறியாதவருக்காக விளக்கின் இடத்தையும் வடிவத்தையும் மாற்றிவைத்தால் போதும். ஃபோர்க்லிஃப்ட் வருமுன் தரையில் விழும் நீல ஒளிவட்டம், தீ எச்சரிக்கையோடு மணிக்கட்டில் அதிரும் பட்டை ஆகியவை கடையில் கிடைக்கும் பொருள்கள்.

பேச்சுத் தெளிவில்லாதவருக்கும் தமிழில் வேலை நடந்திருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ளோரின் தமிழ்ப் பேச்சைத் தொகுத்துக் காலவாக்கம் எஸ்எஸ்என் பொறியியல் கல்லூரி ஆய்வாளர்கள் தரவுத்தளம் ஒன்றை உருவாக்கினார்கள். படங்களைத் தொட்டால் பேசும் அவாஸ் கருவியை, சென்னை ஐஐடியில் படித்த அஜித் நாராயணனின் நிறுவனம் வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து உருவாக்கியது. பார்வையற்ற பட்டதாரி ஒருவர் ஸ்டோர்ஸ் கணக்கையோ தரப் பதிவையோ பார்ப்பதற்குத் தடை பெரும்பாலும் மென்பொருளில் இருக்கிறது. பொத்தானுக்குப் பெயரில்லாத திரையைத் திரைவாசிப்பான் வாசிக்க முடியாது. படத்தைப் பார்த்து விவரிக்கும் வசதியைப் பார்வையற்றோருக்கான பீ மை ஐஸ் செயலி 2023இல் ஏஐ கொண்டு சேர்த்தது உதவிதான். என்றாலும் பொத்தானுக்குப் பெயர் வைப்பது அந்த மென்பொருளைச் செய்தவரின் கடமை.

ஆளை அளக்கும் கேமரா

தொழிலாளர் குனிந்து நிமிரும் கோணத்தை மதிப்பிட ரூலா என்ற முறை 1993இலும் ரீபா என்ற முறை 2000இலும் வந்தன. பொறியாளர் நோட்டும் கையுமாக நின்று எடுத்த கணக்கை இன்று கேமராவும் ஏஐயும் வீடியோவிலிருந்தே எடுத்துவிடுகின்றன. ஒரு ஆலையின் எல்லா ஸ்டேஷன்களையும் இப்படி அளந்தால், எது உட்கார்ந்து செய்யக்கூடியது, எதற்கு இரண்டு கை வேண்டும், எங்கே ஒரு சிறு ஜிக் வைத்தால் ஒரு கை போதும் என்ற பட்டியல் கிடைத்துவிடும். ஃபோர்டு வேலைகளை அவை இருந்தபடியே எண்ணினார். பொறியாளர் இன்று மாற்றிப் பார்த்து எண்ணலாம்.

அதே கேமராவைச் சற்றே திருப்பினால் யார் மெதுவாகச் செய்கிறார், யார் அடிக்கடி எழுந்து போகிறார் என்ற கணக்கும் வந்துவிடும். சர்க்கரை நோயாளிக்கும் முதுகுவலிக்காரருக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் அது குற்றப்பத்திரிகை. வேலையை அளக்கும் வீடியோவில் முகம் மறைந்திருக்க வேண்டும், அது எச்.ஆர். மேசைக்குப் போகக் கூடாது.

ஆள் எடுக்கும் ஏஐ இதைவிடச் சிக்கலானது. வெப்கேமரா முன் பதில் சொல்பவரின் முகபாவத்தை மதிப்பிட்ட அமெரிக்காவின் ஹயர்வியூ நிறுவனம் எதிர்ப்புக்குப் பின் அந்த முறையைக் கைவிட்டதாக 2021 ஜனவரியில் அறிவித்தது. இத்தகைய தேர்வுகள் மாற்றுத்திறனாளிகளை வடிகட்டிவிடும் அபாயம் குறித்து அமெரிக்காவின் சமவாய்ப்பு ஆணையம் 2022 மே மாதம் வழிகாட்டுதல் வெளியிட்டது. பணியிடத்தில் ஊழியரின் உணர்ச்சிகளை இயந்திரம் ஊகிப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை செய்துவிட்டது. மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு.

இந்தியாவிலும் நீதிமன்றம் பேசியிருக்கிறது. வங்கிக் கணக்குக்கான கேஒய்சி சரிபார்ப்பில் கண் சிமிட்டச் சொன்னார்கள்; ஆசிட் வீச்சில் கண்கள் சிதைந்த ஒருவரால் அது முடியவில்லை. அந்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று டிஜிட்டல் அணுகலை வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. ஆலை வாசலில் முகம் பார்த்து வருகை பதியும் இயந்திரத்துக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்: சிமிட்ட முடியாதவருக்கு வேறு வழி என்ன? அதற்கு முன்பே, 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரத்தூரி வழக்கில், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது என்று சொல்லி, கட்டாய விதிகளை 3 மாதத்தில் வகுக்குமாறு மத்திய அரசுக்கு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. தமிழ்நாடு அரசு 2020இலேயே பாதுகாப்பான, அறநெறி சார்ந்த ஏஐ கொள்கையை வெளியிட்டு, ஒரு ஏஐ அமைப்பின் பன்மை, நியாயம், தனியுரிமை ஆகியவற்றுக்கு மதிப்பெண் போட 'டீப்-மேக்ஸ்' என்ற மதிப்பெண் அட்டையையும் தந்தது. அரசுத் துறைகளை மனத்தில் வைத்து எழுதிய அந்த அட்டையைத் தொழிற்பட்டையின் கம்பெனிகளும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

வாசலுக்கு வெளியே

எந்த ஏஐயும் கம்பெனி பஸ்ஸின் படிக்கட்டைத் தாழ்த்தாது. விடியற்காலை ஷிப்டுக்கு நெடுஞ்சாலையோரம் நிற்கும் ஊன்றுகோல்காரருக்கு முதல் தடை அந்த உயரமான படிதான். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்துவைத்த சிப்காட் குடியிருப்பு 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கக்கூடியது. அந்த அளவில் கட்டும்போது 900 மில்லிமீட்டர் அகலக் கதவும், 12 அடிக்கு 1 அடி என்ற சரிவுப் பாதையும் வரைபடத்திலேயே இடம்பெறுவது எளிது; கட்டிய பிறகு இடித்துச் சேர்ப்பது பெருஞ்செலவு.

தொழிற்சாலையே மாற்றுத்திறனாளிகளை உருவாக்குகிறது என்பதையும் மறைக்க முடியாது. பிரஸ் இயந்திரத்தில் விரல் இழப்பவர்கள் வாகன பாகத் தொழிலில் எத்தனை பேர் என்பதைச் சேஃப் இன் இந்தியா அமைப்பு 'கிரஷ்டு' என்ற தலைப்பில் ஆண்டுதோறும் எழுதி வருகிறது. அரசு ஊழியருக்குப் பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டால் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று 2016 சட்டம் காக்கிறது. தனியார் ஆலையின் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு அந்தக் கவசம் இல்லை. இஎஸ்ஐயின் ஊன உதவித்தொகை உண்டு, அதே லைனுக்குத் திரும்பும் வழி இல்லை. கை அபாய இடத்தை எட்டுவதைக் கேமரா கண்டு பிரஸ்ஸை நிறுத்தும் ஏஐயை முதலில் பொருத்த வேண்டிய இடம் வாகன பாகம் செய்யும் சிறு பட்டறைகள்.

செய்யக்கூடியவை பெரிய திட்டங்கள் அல்ல. புதிய லைனின் லேஅவுட் மேசைக்கு வரும்போதே காது கேளாதவர், சக்கர நாற்காலியில் வருபவர், பார்வை குறைந்தவர் ஆகியோரில் சிலரைச் சம்பள நேரத்திலேயே உட்காரவைத்துக் கருத்துக் கேட்கலாம். ஏஐ வாங்கும் பர்ச்சேஸ் ஆர்டரில் மூன்று வரிகள் சேர்க்கலாம்: மாற்றுத்திறனாளிகளை வைத்துச் சோதித்த பிழை விகிதம், இயந்திரத்தால் முடியாதபோது மாற்று வழி, முடிவை எதிர்த்து முறையிட ஒரு மனிதர். தனியாக மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ள முடியாத சிறு கம்பெனிகளுக்காக, சிப்காட் வளாகத்துக்கு ஒருவராகச் சைகை மொழிபெயர்ப்பாளரையும், ஸ்டேஷன்களைத் திருத்தித் தரும் பொறியாளரையும் பொதுவில் அமர்த்தலாம். வீடியோ அழைப்பிலேயே ஒரே ஷிப்டில் நாலைந்து ஆலைகளுக்கு மொழிபெயர்ப்பாளர் உதவிவிடலாம். ஆலைகளின் தொடர்பு அலுவலர்கள் ஆண்டுக்கு ஒருமுறை கூடித் தங்கள் 'உகந்த பணிகள்' பட்டியல்களை ஒப்பிட்டால், ஒரு ஆலையில் முடியாது என்று ஒதுக்கிய வேலையை அடுத்த ஆலையில் யார், எந்த ஜிக்கை வைத்துச் செய்கிறார் என்பது தெரிந்துவிடும்.